பவரோட்டியின் குரலில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "லூச்சானோ பவரோட்டியை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, அது குரலுக்காகவா, அந்த ஆளுக்காகவா, இல்லை வெறும் விளம்பரமா? ஓபரா கேட்டுப் பழக்கமில்லாத எனக்கும் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்."

குரலுக்காகத்தான். விளம்பரம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது வந்து சேர்ந்ததற்குப் பல வருடங்கள் முன்பே, 1960களின் கடைசியில் அவர் செய்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால் அங்கே எல்லாம் இருக்கிறது. அந்த ஆளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அவர் பாடும்போது நமக்கு வந்து சேருகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அது தொண்டை மட்டும் செய்கிற வேலை இல்லை.

முதலில் குரல். பவரோட்டி இத்தாலியைச் சேர்ந்த ஒரு டெனர். டெனர் என்பது, பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவில், ஆண்களுக்கு வழக்கமாக உள்ள குரல்வகைகளில் மேலே இருப்பது. காதலன், வீரன், ஏமாந்த அப்பாவி என்று கதாநாயகப் பாத்திரங்கள் பெரும்பாலும் டெனருக்குத்தான். ஓபரா அரங்கில் மைக் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னால் குழியில் எழுபது எண்பது பேர் வயலினும் டிரம்பெட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனையையும் தாண்டி ஒற்றை மனிதக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். கத்தினால் போகாது. ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவோடு கத்திப் போட்டி போட்டு எந்தத் தொண்டையும் ஜெயிக்க முடியாது.

இதற்கான விளக்கத்தை ஸ்வீடனைச் சேர்ந்த யோகான் சுண்ட்பெரி என்ற ஆய்வாளர் கொடுத்தார். ஆர்கெஸ்ட்ராவின் ஓசை பலமாக இருப்பது சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற ஓபராப் பாடகரின் குரலில் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனி வலு திரண்டு நிற்கும். ஆர்கெஸ்ட்ரா காலியாக விட்ட இடம் அது. நம் காதும் அந்த அளவில்தான் கூர்மையாகக் கேட்கும். இத்தாலியர்கள் இந்தக் கணீர்த்தன்மையை ஸ்குயில்லோ என்பார்கள். பவரோட்டியின் சாரீரத்தில் அது ஏராளம். மெதுவாகப் பாடும்போதும் அது அணையாது.

சரி, அந்தக் கணீர் பல நல்ல டெனர்களுக்கும் உண்டு. பவரோட்டியைத் தனியாகக் காட்டுவது என் கணிப்பில் அவருடைய சொற்கள். மேலே போகப் போகப் பெரும்பாலான பாடகர்களுக்கு உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். 'ஆ'வும் 'ஓ'வும் ஒன்றாகக் கேட்கும். இவரிடம் 'இ' என்றால் உச்சியிலும் 'இ'தான். இத்தாலியன் ஒரு சொல்கூடத் தெரியாத நாம், அவர் பாடுவதைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். மொழி புரியாமலேயே அவர் பாட்டு நமக்குப் பிடித்துப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். நம்மிடம் யாரோ எதையோ தெளிவாகச் சொல்கிறார்கள் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது 'ஹை சி'. பவரோட்டிக்கு 'ஹை சி-களின் அரசன்' என்று பட்டப்பெயரே உண்டு. நம் கணக்கில் சொன்னால், ஓர் ஆண் ஒரு கட்டை சுருதியில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மேல் ஷட்ஜத்துக்கும் மேலே இன்னொரு முழு ஸ்தாயி ஏறினால் வருகிற ஷட்ஜம்தான் அந்தச் சுரம். சுமார் 523 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை டெனர்கள் அதைப் பொய்க்குரல் கலந்துதான் தொடுவார்கள். 1831இல் இத்தாலியின் லூக்கா நகரில், ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓபராவில், ஜில்பெர் துப்ரே என்ற பிரெஞ்சுப் பாடகர் அதை முழு நெஞ்சுக்குரலில் பாடிக் காட்டினார். ரோசினிக்கே அது பிடிக்கவில்லை, கழுத்தறுபட்ட சேவல் கத்துவது போலிருக்கிறது என்றார். ரசிகர்களுக்கோ பைத்தியம் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து டெனர் என்றால் அந்தச் சுரத்தை நெஞ்சிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது.

டொனிசெட்டி 1840இல் எழுதிய 'லா ஃபியே து ரெஜிமான்' என்ற நகைச்சுவை ஓபராவில், காதலுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த இளைஞன் துள்ளிக் குதித்துப் பாடுகிற ஒரு பாட்டு வரும். அதில் ஒன்பது ஹை சி. பவரோட்டி இதை 1966இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பாடினார். 1972 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கில் பாடியபோது கூட்டம் அவரைப் பதினேழு முறை திரைக்கு முன்னால் கூப்பிட்டது. அமெரிக்காவில் அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது அதற்கப்புறம்தான்.

அந்தப் பாட்டின் பதிவைக் கேட்கும்போது எண்ணிக்கையில் கவனம் வைக்காதீர்கள். ஒவ்வொரு சி-க்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கீழிருந்து எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்காது. முன்னால் வரும் சுரத்திலேயே மூச்சும் வாயும் தயாராகி, அடுத்த கணம் குரல் அங்கே இருக்கும். தாளம் இம்மிகூடத் தள்ளாடாது. ஒன்பதாவதை அவர் நீட்டிப் பிடிக்கும்போதும், இன்னும் இரண்டு இருந்தாலும் பாடுவேன் என்கிற தோரணை தெரியும்.

இது பிறவியிலேயே வந்த வரம் என்று பலர் நினைக்கிறார்கள். குரலின் நிறம் பிறவியில் வந்ததுதான். மற்றதெல்லாம் உழைப்பு. அவர் 1935 அக்டோபர் 12 அன்று வட இத்தாலியின் மோதெனாவில் பிறந்தார். அப்பா ஃபெர்னாந்தோ ரொட்டி சுடுபவர், அம்மா அதேலே சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கும் அருமையான டெனர் குரல். மேடைப் பயத்தால் தொழிலாகப் பாடவில்லை, தேவாலயத்திலும் ஊர்ப் பாடகர் குழுவிலும் பாடுவதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் வீட்டில் ஜீலி, கரூசோ, ஸ்கீபா என்று பெரிய டெனர்களின் இசைத்தட்டுகள் ஓயாமல் சுழலும்.

பவரோட்டியே சொன்ன ஒரு கதை உண்டு. அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பெனியாமினோ ஜீலி மோதெனாவுக்குப் பாட வந்தார். பையன் அரங்குக்கு ஓடிப்போய் அவர் குரல் பயிற்சி செய்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்டான். "இப்போதுதான் முடித்தேன், நீதான் கேட்டாயே" என்றாராம் ஜீலி. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், உலகப் புகழ் பெற்றவர். அந்தப் பதில் கடைசி வரை பவரோட்டியை விட்டுப் போகவில்லை.

அர்ரிகோ போலா என்ற ஆசிரியர், குடும்பத்தின் நிலை தெரிந்து காசு வாங்காமல் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். மாதக்கணக்கில் பாட்டே கிடையாது, உயிரெழுத்துகளும் குரல் பயிற்சியும்தான். சற்று முன் சொன்ன அந்த எழுத்துத் தெளிவு இங்கேதான் விதைக்கப்பட்டது. போலா ஜப்பானுக்குப் போனதும் மாந்துவா ஊரில் எத்தோரே கம்போகல்லியானியிடம் போய்ப் படித்தார். வயிற்றுப்பாட்டுக்கு முதலில் பள்ளி ஆசிரியர் வேலை, அப்புறம் இன்ஷூரன்ஸ் விற்பனை. நாளெல்லாம் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசித் தொண்டை கெடுகிறது என்று அதையும் விட்டார். நடுவில் குரல் நாணில் ஒரு கட்டி வந்து, ஃபெர்ராராவில் ஒரு கச்சேரி மோசமாகப் போய், பாட்டையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். முடிவெடுத்த பிறகு கட்டி கரைந்தது, குரல் முன்பைவிட நன்றாகத் திரும்பி வந்தது. 1961 ஏப்ரல் 29 அன்று ரெஜியோ எமிலியாவில் புச்சினியின் 'லா பொஹேம்' ஓபராவில் கதாநாயகன் ரோடொல்ஃபோவாக முதல் மேடை.

டெனர்கள் ஓயாமல் பேசுகிற ஒரு விஷயம் இருக்கிறது: பஸாஜியோ. கீழ்க்குரலும் மேல்குரலும் சந்திக்கிற மூட்டு அது. அந்த இரண்டு மூன்று சுரங்களில் குரல் திறந்துகொண்டு கத்தலாகும், இல்லையென்றால் உடையும். அங்கே வாயின் உள்வடிவைக் கொஞ்சம் உருட்டி, ஓசையை லேசாக மூடி, கேட்பவருக்கு மாற்றமே தெரியாமல் தாண்ட வேண்டும். நிறைய மூடினால் குரல் இருண்டுபோகும், மூடாவிட்டால் சில வருடத்தில் தொண்டை போய்விடும். பவரோட்டி பேட்டிகளில் இதை மூடியும் மூடாமலும் பாடியே காட்டியிருக்கிறார். அவர் பாட்டில் அந்த மூட்டைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. கீழிருந்து உச்சி வரை ஒரே நிறம், ஒரே பளபளப்பு. இதை ஒரு பெரிய சாதனை என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

மூச்சை அவர் கற்றது ஜோன் சதர்லாண்டிடம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாபெரும் சொப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்வகை அது), நல்ல உயரமானவர். அவருக்கு ஜோடியாக நிற்க உயரமான டெனர் தேவைப்பட்டது. 1965இல் பவரோட்டியையும் சேர்த்துக்கொண்டு ஆஸ்திரேலியா முழுக்கப் பல வாரம் சுற்றினார்கள். இரவுக்கு இரவு அவர் களைப்பே இல்லாமல் பாடுவதைப் பார்த்து, பவரோட்டி அவருடைய விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சு எங்கே நிற்கிறது, எப்படித் தாங்குகிறது என்று தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் மேடையேறி நாலு வருடம் ஆகியிருந்தது, லண்டனில் பெயரும் வாங்கியாயிற்று. கூடப் பாடுகிறவரிடம் மாணவனாக நிற்க அவருக்குக் கூச்சமே இல்லை.

இங்கேதான் ஆளும் உள்ளே வருகிறார். தேவை என்றால் கேட்பார், பயம் என்றால் சொல்வார், மகிழ்ச்சி என்றால் முகம் முழுக்கக் காட்டுவார். அந்த வெள்ளைக் கைக்குட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், லிபர்ட்டி என்ற ஊரில் முதல் தனிக் கச்சேரி. ஓபராவில் வேஷம் உண்டு, அரங்க அமைப்பு உண்டு, கை எதையாவது பிடித்துக்கொள்ளும். தனிக் கச்சேரியில் பியானோ பக்கத்தில் வெறும் ஆளாக நிற்க வேண்டும். ஜலதோஷமும் இருந்ததால் கையில் கைக்குட்டையோடு வந்தார். கை அலையாமல் அது பிடித்து நிறுத்தியது. அப்புறம் எந்தக் கச்சேரிக்கும் அது இல்லாமல் வந்ததில்லை. உலகம் பெரிய ஸ்டைல் என்று எண்ணியது, பதற்றத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து. ஓபரா இரவுகளில் மேடைக்குப் போகுமுன் திரைக்குப் பின்னால் தரையில் வளைந்த ஆணி ஒன்றைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அது கிடைத்தால்தான் நிம்மதி.

அதே மனிதர் திரை விலகியதும் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தால் அரங்கமே அவர் வசம். பயப்படாதவர் என்பதால் வந்த கவர்ச்சி இல்லை அது. பயந்துகொண்டே வந்து நின்று, கூட்டம் தன்னை ஏற்றுக்கொண்டதைக் கண்டு அவர் அடைந்த சந்தோஷம் அப்படியே கூட்டத்துக்குப் பாய்ந்தது. 1988 பிப்ரவரியில் பெர்லினில் டொனிசெட்டியின் 'லெலிசிர் தமோரே' பாடினார். ஏமாந்துபோகிற கிராமத்துப் பையன் நெமொரீனோவின் வேஷம், அவருக்கென்றே தைத்தது போன்ற பாத்திரம். முடிந்ததும் 165 முறை திரைக்கு முன்னால் வரவைத்தார்கள், கைதட்டல் ஒரு மணி ஏழு நிமிடம். கின்னஸில் பதிவானது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்கிற பழக்கம் அவருக்கு உண்டு. சிகாகோவின் லிரிக் ஓபராவில் ஒப்புக்கொண்ட 41 நிகழ்ச்சிகளில் 26ஐ ரத்து செய்தார், 1989இல் இனி வேண்டாம் என்று அவர்களே கதவை மூடினார்கள். டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பிந்தைய வருடங்களில் புதுப் பாத்திரங்களைப் போதுமான அளவு தயார் செய்யாமல் மேடைக்கு வந்ததும் உண்டு. 1992 டிசம்பர் 7 அன்று மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் வெர்டியின் 'டான் கார்லோ' பாடும்போது குரல் உடைந்தது. மேல் மாடத்து ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அங்கே அவர்களுக்கு யார் என்ற கணக்கே கிடையாது. பிறகு கேட்டபோது பவரோட்டி ஒலியமைப்பையோ உடல்நிலையையோ சாக்காகச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, அவர்கள் செய்தது சரி என்றார். அந்த நேர்மையை நான் அவருடைய நல்ல ஹை சி-க்களோடு சேர்த்தே மதிக்கிறேன்.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். 1990 உலகக் கோப்பைக் கால்பந்து இத்தாலியில் நடந்தது. பிபிசி தன் ஒளிபரப்புக்கு அடையாள இசையாக, புச்சினியின் 'டுராண்டாட்' ஓபராவிலிருந்து 'நெஸ்ஸுன் டோர்மா' என்ற பாட்டை பவரோட்டி குரலில் வைத்தது. இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள், ஜூலை 7, ரோமின் பழைய கரகல்லா குளியல் மண்டப இடிபாடுகளில் டொமிங்கோ, கரேராஸ் என்ற இரண்டு ஸ்பானிய டெனர்களும் பவரோட்டியும் சேர்ந்து பாடினார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மும்பையில் பிறந்த ஸுபின் மேத்தா. இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த கரேராஸை மற்ற இருவரும் வரவேற்ற மேடை அது. அந்த ஒலிப்பதிவு சாஸ்திரிய இசையில் அதுவரை யாரும் பார்க்காத விற்பனை கண்டது. அடுத்த வருடம் லண்டன் ஹைட் பார்க்கில் கொட்டும் மழையில் பாடினார். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று சொன்னதும் கூட்டம் குடைகளை மடக்கிவிட்டு நனைந்தபடி கேட்டது, இளவரசி டயானாவும் உட்பட. 1993இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஐந்து லட்சம் பேர்.

ஓபராவை மலினப்படுத்திவிட்டார் என்று அப்போது பலர் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். மைதானங்களில் மைக் வைத்துப் பாடியவை அவருடைய சிறந்த பாட்டுகள் இல்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அவர் மக்களிடம் போய்ச் சேர ஆசைப்பட்டது வியாபாரம் மட்டும் என்று ஏற்க மாட்டேன். ஊர்ப் பாடகர் குழுவில் தொடங்கியவர் அவர். 1955இல் மோதெனாக் குழு வேல்ஸ் நாட்டின் லாங்கோலன் விழாவுக்குப் போய் முதல் பரிசு வாங்கியது. அப்பாவும் மகனும் ஒரே வரிசையில் நின்று பாடினார்கள். பாட்டு என்றால் பத்துப் பேரோடு பாடுவது, தெருவே கேட்பது என்றுதான் அவர் வளர்ந்தார். மோதெனாவில் வருடா வருடம் பாப் பாடகர்களைக் கூட்டி நடத்திய நிகழ்ச்சிகளின் பணம் போஸ்னியக் குழந்தைகளுக்கும் போனது. போரில் சிதைந்த மோஸ்டார் நகரில் 1997இல் இசை மையம் ஒன்று எழுந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். உலகமே மயங்கிய அந்த 'நெஸ்ஸுன் டோர்மா' முடிவில் வருகிற உச்ச சுரம் ஹை சி இல்லை, அதற்கு அரைச் சுரம் கீழே. புச்சினி அதைக் குட்டையாகத்தான் எழுதியிருக்கிறார், டெனர்கள் நீட்டிப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. மேத்தா நடத்த, சதர்லாண்ட் கூடப் பாட, 1972இல் பதிவானதைக் கேளுங்கள். அந்தப் பாட்டைப் பாடுகிற பாத்திரத்தைப் பவரோட்டி மேடையில் நடித்தது 1977இல்தான், சான் பிரான்சிஸ்கோவில். ஆனாலும் அந்தப் பதிவில் பாட்டின் ஆரம்ப வரிகளை எவ்வளவு அடக்கமாக, இரவு நேரத்தில் தனக்குள் பேசுகிறவனைப் போல் எடுக்கிறார் என்று பாருங்கள். மைதானப் பதிவுகளில் இந்த ஆரம்பம் பெரும்பாலும் தொலைந்துவிடுகிறது.

2004 மார்ச் 13 அன்று மெட்ரோபாலிட்டனில் 'டோஸ்கா' பாடியது அவருடைய கடைசி ஓபரா. 2007 செப்டம்பர் 6 அன்று கணையப் புற்றுநோயால் மோதெனாவிலேயே இறந்தார். தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், 1978இல் அப்பாவோடு சேர்ந்து பாடிய 'பானிஸ் ஆஞ்செலிகுஸ்' பதிவை ஒலிக்கவிட்டார்கள். ரொட்டி சுடுபவரின் குரல் எப்படி இருந்தது என்பதை அதில் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று சந்தேகமே வராது.

எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால் 1972இல் காராயான் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து நடத்திய 'லா பொஹேம்' பதிவு. கதாநாயகி மீமியாகப் பாடும் மிரெல்லா ஃப்ரேனியும் மோதெனாக்காரர், அதே வருடம் பிறந்தவர். இருவரின் அம்மாக்களும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள், இரண்டு குழந்தைகளுக்கும் பாலூட்டிய தாதி ஒருவரே. பால் முழுக்க யாருக்குப் போனது என்று பார்த்தாலே தெரியும் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்களாம். முதல் அங்கத்தில் மெழுகுவர்த்தி அணைந்து, இருட்டில் சாவியைத் தேடும்போது ரோடொல்ஃபோவின் கை மீமியின் குளிர்ந்த கையில் படுகிறது. அங்கே தொடங்கும் பாட்டின் முதல் வரி ஏறக்குறைய ஒரே சுரத்தில் நிற்கும், பேச்சு மாதிரி. பவரோட்டி அதில் எந்த ஜோடனையும் செய்யவில்லை. கூச்சப்படுகிற இளைஞன் என்ன பேசுவது என்று தெரியாமல் பேச ஆரம்பிக்கிறான், அவ்வளவுதான். பிறகு நான் ஒரு கவிஞன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது குரலில் கொஞ்சம் பெருமை ஏறும். உச்சியில் வருகிற ஹை சி-யை இவர் ஒரு சாகசமாகக் காட்டாமல், சொல்ல வந்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பொங்கி வருவதாகப் பாடுகிறார். முதல் தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றினால், 1977 மார்ச்சில் மெட்ரோபாலிட்டனிலிருந்து தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான 'லா பொஹேம்' இருக்கிறது, ரெனாட்டா ஸ்காட்டோ கூடப் பாடியது. அதே ஆள், அதே பாட்டு, இந்த முறை எதிரே கூட்டம். பாட்டு முடிந்து கைதட்டல் விழும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.